மேற்குச் சுவர் தாண்டினால் அவுட்

அன்று கடைசி வரை மைதானத்தில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். எங்கள் அணியில் பதினொருவர். கம்மாபுரம் அணியில் பத்துப் பேர். பெண்ணாடத்திலிருந்து வந்த அம்பயர்கள் இரண்டு பேர். ஒருவர் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவர், இன்னொருவர் அவருடைய மச்சான், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். மைக் செட்காரர். மொபெட்டில் டீ கேன் கட்டிக்கொண்டு வருகிறவர். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பீங்கான் கம்பெனியின் வாட்ச்மேன். எங்கள் கேப்டனின் மனைவி, அவள் மடியில் ஏழு மாதக் குழந்தை. வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட ஒரு அம்மா. என் மனைவி. நான்.

வேடிக்கை பார்க்க வந்து, வெயில் ஏறியதும் போய்விட்டவர்களை இதில் சேர்க்கவில்லை. கைக்குழந்தையைச் சேர்த்திருக்கிறேன். எங்கே போனாலும் தலை எண்ணுவது என் பழக்கம். சாப்பாடு பத்துமா, தண்ணீர் கேன் பத்துமா, யாருக்காவது மயக்கம் வந்தால் எத்தனை வண்டி நிற்கிறது என்று மனது தானாகவே எண்ண ஆரம்பித்துவிடும். அன்று மட்டும் ஏழெட்டு தடவை எண்ணினேன்.

எனக்கு கிரிக்கெட் ஆட வராது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு படிப்பு நின்றது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம் அது. அப்போதே பீங்கான் கம்பெனியில் சாமான் வைத்த பலகை தூக்கப் போனேன். இப்போது வேறொரு கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிறேன். சாயந்திரம் வேலை விட்டதும் கம்பெனிகளுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் இடத்தில் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்றவனைத்தான் பிடித்து கிளப்புக்குச் செயலாளர் ஆக்கினார்கள். "நீ எப்படியும் தூங்க மாட்ட. சும்மா பொரண்டு படுக்கறதுக்கு இதையாவது யோசி" என்றார்கள். பதினான்கு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் வேலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முழுப்பரீட்சை முடிந்த வாரம் முள்வேலம் வெட்டி, தரையை நிரவி, தண்ணீர் தெளித்து உருட்ட வேண்டும். எட்டு ஊர் அணிகளுக்குப் போன் செய்ய வேண்டும். பந்து வாங்க வேண்டும். கத்திரி வெயில் என்பதால் காலை ஆறரைக்கே ஆட்டம் தொடங்கிவிடும். பத்தரைக்குள் முடித்தாக வேண்டும். மழை வந்தால் என்ன, வராமல் புழுதி கிளம்பினால் என்ன, கருவேப்பிலங்குறிச்சி பையன்கள் ஒரே வண்டியில் மூன்று பேர் வருகிறார்களே, ரயில்வே மேம்பாலத்தில் லாரி வந்தால் என்ன என்று ஏப்ரல், மே இரண்டு மாதமும் யோசித்துக்கொண்டே கிடப்பேன்.

எங்கள் போட்டியில் கொடுக்கும் கோப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் பித்தளைப் பூச்சுக் கோப்பை இல்லை அது. பீங்கான். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அச்சு செய்யும் வேலைக்காரன். எங்கள் அணிக்குக் கேப்டனும் அவன்தான். இரண்டு காது வைத்த கோப்பைக்கு அவனே அச்சு செய்தான். களிமண் கூழை அதில் ஊற்றி எடுத்து, காய வைத்து, பெயர் எழுதி, மெருகு, அதாவது கிளேசு, கொடுத்து, நான் சூளையில் ஒரு ஓரமாக இடம் பார்த்து வைத்துவிடுவேன். முதலாளி அதற்குக் காசு வாங்குவதில்லை.

முதல் வருஷம் ஜெயித்த ஊரின் பெயரை, ஆட்டம் முடிந்த பிறகு எனாமல் பெயின்டில் எழுதிக் கொடுத்தோம். ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது. ஜெயித்தவர்கள் வெறும் வெள்ளைக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்னா கப்பா, உப்பு ஜாடியா?" என்று சண்டை போட்டார்கள். அதிலிருந்து எழுத்தைச் சூளையில் வைத்துச் சுட்டே கொடுப்பது என்று முடிவானது. சுட்ட எழுத்து போகாது.

ஆனால் சூளை வாரத்துக்கு ஒரு முறைதான் எரியும். புதன்கிழமை அடுக்கினால் சனிக்கிழமை பிரிப்போம். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். யார் ஜெயிப்பார்கள் என்று புதன்கிழமை எப்படித் தெரியும்? அதனால் அரையிறுதி முடிந்ததும் நான்கு கோப்பை செய்வோம். இறுதிக்கு வந்த இரண்டு ஊருக்கும் முதல் பரிசு என்று ஒன்று, இரண்டாம் பரிசு என்று ஒன்று. ஆட்டம் முடிந்ததும் உண்மையான இரண்டைக் கொடுத்துவிட்டு, பொய்யான இரண்டை எல்லோரும் பார்க்க உடைத்துவிடுவோம்.

ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு வருஷம் உடைக்காமல் விட்டோம். தோற்ற ஊர்க்காரன் ஒருவன், தன் ஊர் பெயர் போட்ட முதல் பரிசுக் கோப்பையைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டான். இரண்டு ஊரிலும் டீக்கடையில் ஒரே வருஷத்துக் கோப்பை, இரண்டிலும் முதல் பரிசு. கைகலப்பாகி, ஒருவனுக்கு நெற்றியில் ஐந்து தையல் போட்டார்கள். அந்த ஐந்து தையலும் என் நெற்றியில் போட்ட மாதிரி எனக்கு வெகு நாள் வலித்தது. உடைக்கும் வேலையை அன்றிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். சாக்குக்குள் போட்டு, வாயைக் கட்டி, மரச் சுத்தியால் அடிப்பேன். சில்லு தெறித்து யார் காலிலும் குத்தக்கூடாது.

மேற்குச் சுவர் சட்டமும் என் பயத்தில் பிறந்ததுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனியில், சுடாத சாமானைப் பலகை பலகையாக வெயிலில் காய வைப்பார்கள். சுடாத சாமான் பிஸ்கட் மாதிரி. பந்து பட்டால் மாவாகிவிடும். மூன்றாவது வருஷம் எங்கள் பையன் அடித்த ஒரு சிக்ஸில் பலகை சரிந்து நாற்பது பொம்மை போனது. "இனிமே இங்க ஆட்டம் கீட்டம் கெடையாது" என்று அந்தக் கம்பெனி முதலாளி பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். அவர் காலில் விழாத குறையாகப் பேசி, நானே ஒரு சட்டம் போட்டேன். மேற்குச் சுவரைத் தாண்டி அடித்தால் சிக்ஸ் இல்லை, அவுட். ரன்னும் கிடையாது.

எல்லா ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். "உலகத்துல எங்கியாச்சும் இப்படி ஒரு ரூலு இருக்குதாண்ணா? உன் மேல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டப் போறோம்" என்றார்கள். ஆனாலும் கட்டுப்பட்டார்கள். அதற்குப் பிறகு முதலாளி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கம்மாபுரம் அணி என்று நாங்கள் சொன்னாலும், அவர்கள் ஊர் அதையும் தாண்டி உள்ளே இருக்கிறது. பதினோரு வருஷமாக வருகிறார்கள். இரண்டு தடவை இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு தடவையும் இல்லை. அவர்களுடைய கேப்டன் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நெல்லும் உளுந்தும் போடுகிறார், மீதி நேரம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இந்த வருஷம் ஏப்ரலில் பெயர் கொடுக்க வந்தபோது, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இதாண்ணா எங்களுக்குக் கடைசி. அடுத்த வருஷம் டீமு இருக்காது."

"ஏன் தம்பி?"

"ஊரே இருக்காதுண்ணா. சுரங்கத்துக்கு எடுக்கறாங்கல்ல. நாலு பேரு வடலூர் பக்கம் வூடு கட்டிட்டாங்க. ரெண்டு பேரு இங்கியே மனை வாங்கிட்டாங்க. நான் சேத்தியாத்தோப்பு பக்கம் போறேன். ஆளுக்கு ஒரு மூலை." பேனாவை அப்போதுதான் கொடுத்தார். "ஒரே ஒரு தடவ கப்பு அடிச்சிட்டுப் போயிட்டோம்னா, எங்க ஊர் பேரு அதுலயாவது இருக்கும். அக்கா எழுதறது அழியாதில்ல?"

என் மனைவி எழுதுவது அழியாது என்றேன். அன்றிலிருந்து என் மற்றக் கவலைகளுக்கு நடுவில் இது ஒன்று தனியாக உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். வந்து நின்றது இறுதி ஆட்டத்தில், எங்கள் அணிக்கு எதிராக.

கோப்பையில் பெயர் எழுதுவது என் மனைவி. பொம்மைக்குக் கண் எழுதும் வேலைக்காரி, கை நடுங்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வாசலில் பாயைப் போட்டு நான்கு கோப்பையையும் வைத்துக்கொண்டு எழுதினாள். அவர்கள் ஊர் பெயரை எழுதும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியது மாதிரி எனக்குத் தோன்றியது.

"ஏங்க, அவங்க ஜெயிச்சா நல்லாருக்கும்ல?"

"உன் தம்பிதான்டி நம்ம கேப்டன்."

"அவன் மூணு தடவ ஜெயிச்சிட்டான். போதும் அவனுக்கு. நாலாவது கப்ப எங்க வெப்பான்? அரிசிப் பானை மேலயா?"

சனிக்கிழமை மதியம் சூளையைப் பிரித்தோம். கோப்பைகள் கீறல் இல்லாமல் வந்திருந்தன. என் மனைவி ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றினாள். முதல் பரிசுக்குச் சிவப்பு நூல், இரண்டாம் பரிசுக்கு வெள்ளை நூல். குழப்பம் வரக்கூடாது என்று நான் சொன்ன ஏற்பாடு அது. சுற்றிக்கொண்டிருக்கும்போது கம்மாபுரம் கேப்டனின் லோடு ஆட்டோ வந்து நின்றது. கடைவீதிக்கு மூட்டை இறக்க வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். தன் ஊர் பெயர் போட்ட முதல் பரிசுக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார்.

"சூடு இருக்குது தம்பி, பாத்து."

"இருக்கட்டும்ணா." கட்டை விரலால் எழுத்தைத் தடவினார். "நாளைக்கித் தோத்துட்டா இத உடைச்சிருவீங்களா?"

"ஆமா தம்பி. வழக்கம் அதான?"

"வழக்கம்னா உடைக்க வேண்டியதுதான்."

ஓசை வராமல் கீழே வைத்தார். என் மனைவி அதை வாங்கிப் பேப்பரில் சுற்றி, அவர் எதிரிலேயே சிவப்பு நூலைக் கட்டினாள். அவர் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வரேன்க்கா, வரேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே நான் மைதானத்தில் இருந்தேன். நான்கு வண்டியில் கம்மாபுரம் அணி வந்து இறங்கியது. எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன்.

"இன்னொருத்தர் எங்க தம்பி? வழியில ஏதும் ஆயிடலையே?"

"ஒண்ணும் ஆவலண்ணா. இன்னிக்கிப் புது வூட்டுக்குக் குடி போறான். ஐயரு கொடுத்த நாளு, மாத்த முடியாதாம்."

"எங்க பசங்கள்ல ஒருத்தன தரேன், சேத்துக்குங்க."

"வேணாண்ணா." சிரித்தார். "கடைசி ஆட்டம். எங்க ஊர் ஆளுங்களே ஆடட்டும். பத்துன்னா பத்து."

அந்தப் பதினோராவது ஆள் புது வீட்டில் இருந்துகொண்டே ஓவருக்கு ஒரு முறை போன் செய்தான். கேப்டன் ஒவ்வொரு தடவையும் எடுத்து, "பாலு பொங்கிச்சா? பொங்கட்டும். நாப்பத்தி ரெண்டுக்கு மூணு. வெய்யி" என்று வைப்பார். மைக் செட்காரர் அதையும் சேர்த்து அறிவித்தார்: "பால் பொங்கிவிட்டது, விக்கெட் விழவில்லை!"

எட்டு ஓவர் ஆட்டம். முதலில் ஆடிய நாங்கள் எழுபத்தொன்று எடுத்தோம். ஸ்கோர் எழுதுவது நான். கூட்டல் தப்பாகிவிடுமோ என்று ஒவ்வொரு ஓவருக்கும் மூன்று தடவை கூட்டுவேன். படித்தவன் ஒருவன் தப்பாகக் கூட்டினால் மறந்துவிட்டான் என்பார்கள். நான் கூட்டினால் வேறு மாதிரி சொல்வார்கள். அதனால் அன்று ஆட்டத்தை நிமிர்ந்து பார்த்ததைவிட நோட்டைப் பார்த்ததுதான் அதிகம்.

அவர்கள் எழுபத்திரண்டு எடுக்க வேண்டும். கடைசி ஓவரில் பதினெட்டு தேவை. பந்து போட்டது என் மச்சான். மட்டையோடு நின்றது கம்மாபுரம் கேப்டன். இரண்டு ஃபோர், ஒரு வீணான பந்து, ஒரு வைட். பிறகு ஒரு ஃபோர், மறுபடி ஒரு வீணான பந்து. நடுவில் அது வைட் இல்லை என்று என் மச்சான் வாதாட, அம்பயர் வைட்தான் என்றார். நோட்டில் மூன்று தடவை கூட்டினேன், பதின்மூன்று. மொத்தம் அறுபத்தேழு. மீதி ஒரே பந்து. நான்கு அடித்தால் சமம். ஆறு அடித்தால் அவர்களுக்குக் கோப்பை.

 என் மச்சான் தோற்க வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், அந்த நேரத்தில் நினைத்தேன். பக்கத்தில் அவன் மனைவி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். என் மனைவி சாம்பார் சாதக் குண்டான் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

பந்து கொஞ்சம் குட்டையாக விழுந்தது. அவர் முழங்காலை மடக்கிச் சுழற்றினார். மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்தது, அது சிக்ஸ். எந்த ஊர் மைதானத்திலும் அது சிக்ஸ். பந்து எழும்பி, வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே போய், மேற்குச் சுவரைத் தாண்டி இறங்கியது.

சுட்ட சாமான் உடைந்தால் கணீரென்று கேட்கும். சுடாதது உடைந்தால் பொதபொதவென்று மண் சரிகிற சத்தம்தான். அந்தச் சத்தம் கேட்டது.

யாரும் கத்தவில்லை. எங்கள் பையன்கள்கூடக் கத்தவில்லை. பெண்ணாடத்து அம்பயர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அவர் மெதுவாக விரலைத் தூக்கினார். கம்மாபுரம் கேப்டன் இரண்டு கையையும் மேலே தூக்கி இருந்தவர், அப்படியே இறக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவருடைய ஆள் ஒருவர்தான் மட்டையைத் தரையில் தட்டி, "இத்தினி வருசம் ஆடியும் சுவரு எந்தப் பக்கம்னு தெரியலையா உனக்கு?" என்றார். "தெரிஞ்சுதான்டா இருந்துச்சு. கை கேக்கல" என்றார் இவர்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாட்ச்மேன் குரல்: "யோவ் செகரட்டரி! யானையெல்லாம் போச்சுய்யா!"

போன் அடித்தது. புது வீட்டுக்காரன். கேப்டன் எடுத்து, "நாலு ரன்னுல போயிடுச்சுடா. சாப்புடு, வெய்யி" என்றார்.

பரிசு கொடுக்கும் இடம் என்று தனியாக ஒன்றும் இல்லை. டீக்காரரின் மொபெட் நிற்கும் வேப்பமர நிழல்தான். இரண்டு அணியும் வட்டமாக நின்றது. முதலில் உடைக்க வேண்டும், பிறகுதான் கொடுக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் கை விட்டேன். எங்கள் ஊர்ப் பொட்டலம் இரண்டில் வெள்ளை நூல் கட்டியதை எடுத்துச் சாக்கில் போட்டேன். அதில் தயக்கம் இல்லை. அடுத்தது அவர்களுடையது. சிவப்பு நூல் கட்டியது போக வேண்டும். கையில் எடுத்தும் விட்டேன். இது நான் போட்ட சட்டத்தில் தோற்ற ஆட்டம். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். என் பயத்துக்கு இன்னொருவர் விலை கொடுப்பதை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தேன்.

சிவப்பை வைத்துவிட்டு வெள்ளையை எடுத்தேன். இரண்டு வெள்ளை நூலும் சாக்குக்குள் போயின. நிமிர்ந்தபோது என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாக்கு வாய நல்லா கட்டுங்க. தெறிக்கப் போவுது" என்றாள். அவ்வளவுதான்.

கட்டினேன். சுத்தியை ஓங்கி நாலு அடி அடித்தேன். இந்தத் தடவை கணீர் கணீரென்றுதான் கேட்டது. கம்மாபுரம் கேப்டன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கோப்பையை மச்சானிடம் கொடுத்ததும் அங்கேயே கிழித்துப் பிரித்துத் தலைக்கு மேல் தூக்கினான். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த பொட்டலத்தைக் கம்மாபுரம் கேப்டனிடம் கொடுத்தேன். அவருடைய ஆட்கள் பிரிக்கக் கை நீட்டினார்கள். நான் குறுக்கே கை நீட்டினேன்.

"தம்பி, இங்க பிரிக்காதீங்க. வூட்டுல போய்ப் பிரிங்க. வெயில் பட்டா... கீறிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நின்றவர்களில் பாதிப்பேர் பீங்கான் வேலைக்காரர்கள். என் மச்சான் சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, பேயாட்டம் நெருப்புல வெந்து வந்தது, இந்த வெயில்ல கீறுமா? என்னா மாமா, வெயிலு ஏறிப்போச்சா உனக்கு?"

 அவன் என் முகத்தைப் பார்த்தான். பொட்டலத்தில் இருந்த சிவப்பு நூலைப் பார்த்தான். அவன் கையில் இருந்த கிழிந்த பேப்பரிலும் சிவப்பு நூல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"ஆமா ஆமா" என்றான். "கீறும். புது கிளேசு அது. பிரிக்காதீங்கப்பா, வூட்டுல போய்ப் பாருங்க."

கம்மாபுரம் கேப்டனும் நூலைப் பார்த்தார். பொட்டலத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். "சரிண்ணா" என்றார். 

சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். முப்பது இலை, ஒன்றுகூட மிச்சமாகவில்லை. சாப்பிடும்போது மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"தெரிஞ்சேதான்டா."

"ரெண்டு கப்பும் மொத பரிசு. அவனுவ டீக்கடையில வெச்சானுவன்னா? மறுபடி தையல் போட வெக்கப் போறியா?"

"அவங்க ஊர்ல டீக்கடைய எடுத்தாச்சுடா. போன மாசமே."

 மச்சான் எழுந்து போய் கம்மாபுரம் ஆட்களுக்கு அவனே அப்பளம் பரிமாறினான்.

கை கழுவிய பிறகு, நான் வாட்ச்மேனைப் பார்க்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கிளம்பினேன். கிளப் கணக்கில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பின்னாலேயே கம்மாபுரம் கேப்டன் வந்தார். பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. சின்ன யானைப் பொம்மைகள். தும்பிக்கை தனியாக, கால் தனியாக, பாதி மண்ணாக. வாட்ச்மேன் ஒவ்வொன்றாக எண்ணி வரிசையாக வைத்திருந்தார். பதினேழு.

"சுடாததுக்கு ஒண்ணு இருவது ரூவா. மொதலாளி சொல்லியிருக்காரு" என்றார் வாட்ச்மேன். "முந்நூத்தி நாப்பது."

நான் பையில் கை விட்டேன். கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஏண்ணா தரணும்? நான் அடிச்ச சிக்ஸு இது. நான்தான் தருவேன்."

"அவுட்டுன்னு எழுதியிருக்கேன் தம்பி."

"நோட்டுல அவுட்டா இருக்கட்டும். இந்தப் பதினேழு யானையப் பாருங்க. இது சிக்ஸு." குனிந்து ஒரு யானைத் தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதன் கண் இன்னும் எழுதப்படவில்லை. திருப்பி வைத்தார்.

சட்டைப்பையில் இருந்தது இரண்டு நூறு ரூபாய் நோட்டு. போனில் போடலாம் என்றால் போன் அணைந்து கிடந்தது; புது வீட்டுக்காரன் பேசிப் பேசியே சார்ஜைத் தீர்த்துவிட்டான். மீதியை நான் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். "இது கடன்ணா. எழுதிக்குங்க, என் பேர்ல" என்றார். அவர் பார்க்கவே நோட்டில் எழுதினேன்.

நான்கு வண்டியும் கிளம்பின. கேப்டன் கடைசி வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். மேம்பாலம் தாண்டியதும் போன் செய்யச் சொல்லியிருந்தேன். செய்தார்கள். ஊருக்குப் போனதும் செய்யச் சொல்லியிருந்தேன். அதையும் செய்தார்கள்.

ஆடியில் ஒரு நாள், சூளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் வந்தது. சேத்தியாத்தோப்பு பக்கம் குடி வந்துவிட்டாராம். ஊரில் வீட்டை இடித்தாகிவிட்டதாம்.

"டிவி பக்கத்துல வெச்சிருக்கோம்ணா. புதுசா வர்றவங்க எல்லாம் இது எந்த ஊருன்னு கேக்கறாங்க. சொல்றோம். கடைசி பாலு சிக்ஸுன்னும் சொல்றேன். பொய்யாண்ணா அது?"

"இல்ல தம்பி."

"உங்க கடன் அப்படியே நிக்குது. இப்பவே போன்ல போட்டு வுடட்டுமா?"

போடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"வேணாம் தம்பி. ஏப்ரல்ல பேரு குடுக்க வருவீங்கல்ல? அப்ப கையில குடுங்க."

"டீமே இல்லியேண்ணா. ஆளுக்கு ஒரு மூலையில கெடக்கறோம்."

"மூலையிலருந்து பஸ்ஸு இல்லியா என்னா? பத்துப் பேரு வந்தாலும் சேத்துக்குவேன். ஒன்பது பேரு வந்தாலும் சேத்துக்குவேன்."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. "தம்பி? தம்பி?" என்றேன்.

"இருக்கேண்ணா" என்றார். மூக்கை உறிஞ்சினார். "பாக்கி எவ்ளோன்னு சொல்லுங்க, மறந்துட்டேன்."

"நூத்தி நாப்பது ரூவா."